காற்றா, காந்தமா, தண்ணீரா: தாளம் தப்பும் இதயத்துக்கு எந்த ரோயிங் மெஷின்

ரோயிங் மெஷின் என்பது படகு வலிப்பதுபோல் இருந்தபடியே இழுக்கிற பயிற்சி மெஷின்; இழுவைக்குத் தடை தருவது ஒன்றில் காற்று, ஒன்றில் காந்தம், ஒன்றில் தண்ணீர். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இப்போது நிற்பது காற்றாடி வைத்தது. அதற்கு முன் அதே இடத்தில் காந்த மெஷின் ஒன்று பதினான்கு மாதம் நின்றது. இரண்டுக்கும் நடுவில் உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதி ஜிம்மில் தண்ணீர்த் தொட்டி மெஷினையும் பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு 54 வயது. எனக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப், இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கிற வருத்தம்; என்னுடையது வந்து வந்து போகிற வகை. துடிப்பைக் குறைக்கப் பிசோப்ரொலோலும் இரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபானும் போடுகிறேன். இதே வருத்தம் உள்ள இரண்டு மூன்று பேர் எதை வாங்கலாம் என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் காற்று மெஷின் பக்கம்.

ஏன் ரோயிங் என்பதை நீட்டத் தேவையில்லை. முழங்கால் நடையைத் தாங்கவில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை ஏழு மணிக்கே உட்துறைமுக வீதியில் வெக்கை முகத்தில் அறைகிறது. இருந்தபடியே கால், முதுகு, கை மூன்றையும் வேலை வாங்குகிற பயிற்சி இது. எக்கோ என்கிற இதய ஸ்கேனையும், ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு திரிந்த ஹோல்டர் என்கிற துடிப்புப் பதிவுக் கருவியையும் பார்த்த பிறகு டொக்டர் சம்மதித்தார், ஆனால் மூச்சு முட்ட இழுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. உங்கள் டொக்டரிடம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள், இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை.

பிஸ்டன் வைத்த சின்ன மெஷின்களை ஒரு பந்தியில் முடித்துவிடலாம். விலை குறைவு, மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஆனால் சிலிண்டருக்குள் எண்ணெய் சூடேறச் சூடேற இழுவை இளகிவிடும், முதல் ஐந்து நிமிடத்தில் இருந்த கனம் இருபதாவது நிமிடத்தில் இருக்காது. அந்த முதல் கனத்துக்காக ஆள் மூச்சைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுவான். மூச்சை அடக்கி முக்குவது எங்கள் போன்ற நெஞ்சுக்கு ஆகாத வேலை. அதனால் அது வேண்டாம்.

மிச்சம் மூன்று. சத்தம் என்று பார்த்தால் காந்தம்தான் வெல்லும், பக்கத்து அறையில் பிள்ளை தூங்கினாலும் எழும்பாது. தண்ணீர் மெஷினின் சளசளப்பு காதுக்கு இதம். காற்று மெஷின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஹூ என்று ஊதும், விடியற்காலை ஐந்து மணிக்கு அடுத்த வீட்டுக்கும் கேட்கும். விலையிலும் காந்தமே மலிவு. கனடாவில் இருக்கும் மச்சான் கொன்செப்ட் 2 என்ற கம்பனியின் காற்று மெஷின் ஒன்றைப் பழசாக வாங்கிக் கப்பல் கார்கோவில் போட்டுவிட்டார், கூலி எல்லாம் சேர்த்தால் காந்த மெஷினுக்குக் கொடுத்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வந்தது. அப்படியிருந்தும் ஏன் மாறினேன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

சாதாரண ஆளுக்கு நாடித்துடிப்பு நல்ல வழிகாட்டி. 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை வீதத்துக்குள் நில் என்பார்கள். எங்களுக்கு அந்தக் கணக்கு இரண்டு இடத்தில் உடைகிறது. ஒன்று, பிசோப்ரொலோல் போன்ற மருந்து துடிப்பை மேலே ஏறவிடாமல் அமுக்கி வைத்திருக்கும், ஆகவே 105 என்று காட்டும்போதே உடம்பு கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது, ஏஎஃப் ஓடும்போது துடிப்புகள் ஒரே இடைவெளியிலும் வராது, ஒரே பலத்திலும் வராது. பலம் குறைந்த துடிப்பு இதயத்தில் இருக்கும், மணிக்கட்டு வரை வந்து சேராது. அதனால் கையில் நாடி பிடித்து எண்ணினால் இதயம் உண்மையில் அடித்ததை விடக் குறைவாகவே எண்ணுவோம். பச்சை வெளிச்சம் அடித்துப் பார்க்கும் கைக்கடிகாரமும் அந்த மணிக்கட்டில்தான் இருக்கிறது, போதாததற்கு கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை வளைத்து வளைத்து இழுக்கிறோம். நெஞ்சுப் பட்டி மின்துடிப்பையே பிடிப்பதால் மேல், ஆனால் தாளம் தப்பிய நாளில் அதிலும் 96, 131, 108 என்று எண் குதித்துக்கொண்டே இருக்கும். எதை நம்பி நிற்பது?

ஆகவே எங்களுக்கு வேண்டியது இதயத்தின் வழியாக வராத ஒரு எண். உடம்பு ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வெளியே நின்று அளந்து சொல்கிற எண். அது வாட்.

காந்த மெஷினில் இந்த எண் எனக்குக் கிடைக்கவில்லை. லெவல் 4 என்று வைப்பேன், திரையில் கலோரி, தூரம், இழுப்பு எண்ணிக்கை எல்லாம் ஓடும். ஆனால் மெதுவாக நீட்டி இழுத்தாலும் வெடுக்கென்று இழுத்தாலும் அந்தக் கலோரி பெரிதாக மாறவில்லை, பெரும்பாலும் இழுப்பை எண்ணிப் பெருக்குகிற கணக்காகத்தான் அது தெரிந்தது. ஒரு நாள் காலை அதே லெவல் 4 பாறையாக இருந்தது. பெல்ட் இறுகிவிட்டதோ, இரவு நித்திரை போதவில்லையோ என்று நினைத்துக்கொண்டு இருபது நிமிடத்தையும் முடித்தேன். இறங்கி எழும்பும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் ஈசீஜி எடுத்தபோது ஏஎஃப் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. பிழை மெஷினிலா, என்னிலா, இதயத்திலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழியும் எனக்கு இருக்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னை மெஷின் மாற்ற வைத்தது. வாட்டைச் சரியாக அளக்கிற விலை கூடிய காந்த மெஷின்களும் இருக்கின்றன, நான் பேசுவது நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற ரகத்தைப் பற்றி.

காற்று மெஷின் இதை எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நாம் இழுக்கும்போது காற்றாடிச் சக்கரம் சுழலும், கைப்பிடியைத் திருப்பிக் கொண்டுபோகும்போது காற்றே அதற்குத் தடையாகி வேகம் குறையும். ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் அந்த வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை மொனிட்டர் அளக்கிறது. அதிலிருந்து அன்றைய காற்றின் தடை எவ்வளவு என்று தானே கணக்குப் பண்ணி, அதை வைத்து நம் வாட்டைச் சொல்கிறது. சக்கரக் கூண்டில் தூசி அடைத்தாலும், காற்று உள்ளே போகிற அளவை மாற்றும் பக்கத்து நெம்பை யாராவது 3-இலிருந்து 8-க்குத் தள்ளிவிட்டாலும், வாடைக்காலக் குளிர்க் காற்றானாலும் கச்சான் வெக்கையானாலும், 65 வாட் என்றால் 65 வாட்தான். போன வருடத்து 65-ஐயும் இன்றைய 65-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதில் பழகவேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் வாட் ஒன்றரை மடங்காவதில்லை. 500 மீற்றரை 3 நிமிடத்தில் போகிற வேகம் 60 வாட். இரண்டரை நிமிடம் என்றால் 104 வாட் அளவு. 2 நிமிடம் என்றால் 200-ஐத் தாண்டிவிடும். கொஞ்சம்தானே கூட்டுகிறேன் என்று நினைக்கிற இடத்தில் இதயத்தின் மேல் விழுகிற பாரம் மளமளவென்று ஏறுகிறது. அதனால் திரையில் நேரத்தை வைக்காமல் வாட்டை மட்டும் வைத்திருக்கிறேன்.

என் வழக்கம் இது. நெம்பு 3-இல். பத்து நிமிடம் 40 வாட்டில் உடம்பைச் சூடாக்கல். அப்புறம் இருபது நிமிடம் 60-க்கும் 75-க்கும் நடுவில், நிமிடத்துக்கு இருபது இழுப்பு, வாய்விட்டு ஒரு முழு வசனம் பேச முடிகிற அளவில். இழுக்கும்போது மூச்சை வெளியே விடுவேன். கடைசியில் சட்டென்று நிறுத்தாமல் எட்டுப் பத்து நிமிடம் குறைத்துக் குறைத்து வருவேன், ஏனென்றால் எனக்குத் தாளம் தப்புவது பெரும்பாலும் நிறுத்திய பிறகுதான். மனைவி குசினியிலிருந்தே சத்தத்தைக் கேட்டுச் சொல்லிவிடுவாள், "இஞ்சேருங்கோ, இண்டைக்குக் கூட இழுக்கிறியள், ஊதுற சத்தம் வேற மாதிரிக் கிடக்கு." அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த எண்ணின் உண்மையான பயன் போன ஐப்பசியில் தெரிந்தது. 65 வாட், வழக்கமான நாள். நான்காவது நிமிடத்திலேயே வசனம் பாதியில் அறுந்தது. திரையைப் பார்த்தேன், அதே 65. வேலை கூடவில்லை, அப்படியானால் கூடியது வேறெங்கோ. காந்த மெஷின் நாளில் இருபது நிமிடம் எடுத்த சந்தேகம் இங்கே ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. மெல்லக் குறைத்து இறங்கினேன், ஒரு மணி நேரத்தில் ஈசீஜி கையில் இருந்தது, ஏஎஃப்தான். இந்த முறை டொக்டர் எப்போது தொடங்கியது என்று கேட்டபோது, முதல் நாள் காலை நன்றாக இருந்தது, இன்று ஐந்தே காலுக்கு இல்லை என்று சொல்ல முடிந்தது. அப்படிப்பட்ட நாளில் இழுக்காதே என்பது அவர் எனக்குச் சொன்னது. எப்போதும் ஏஎஃப்பிலேயே இருப்பவர்களுக்கு வேறு அறிவுரை இருக்கும். ஆனால் நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, மயக்கம் வந்தால் யாராக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

வாட்டைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. சுவீடனில் வாசாலொப்பெத் என்று 90 கிலோமீற்றர் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. அதில் ஓடிய 50,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், கூடுதல் போட்டிகளை முடித்தவர்களிடமும் வேகமாக முடித்தவர்களிடமும் தாளக் கோளாறு கூடுதலாக இருந்தது. மறுபக்கம் நோர்வேயில் 2016-இல் வெளியான ஆய்வில், ஏஎஃப் உள்ள 51 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்தபோது அவர்களுடைய இதயம் தாளம் தப்பி ஓடிய நேரம் குறைந்தது. அது விட்டு விட்டுக் கடுமையாகச் செய்கிற பயிற்சி, கண்காணிப்போடு நடந்தது. விறாந்தையில் தனியாக இருந்துகொண்டு நான் அதைப் பின்பற்ற மாட்டேன்.

தண்ணீர் மெஷினை நான் குறைத்துப் பேசவில்லை. மூன்றிலும் கடலில் தண்டு வலிக்கிற உணர்வு அதில்தான் வந்தது, இழுவை தொடங்கும் இடம் மெத்தென்று இருந்தது, முதுகுக்கும் நோகவில்லை. நான் இழுத்த மெஷினில் வாட் இருந்தது, ஆனால் தொட்டியில் தண்ணீர் மட்டம் மாறினால் இழுவையும் மாறும் என்பதால் நாளுக்கு நாள் ஒப்பிட அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு தடவை அனுபவத்தை வைத்து இதற்கு மேல் அடித்துச் சொல்வது நியாயமில்லை. தண்ணீர் பாசி பிடிக்காமல் குளோரின் குளிசை போடவேண்டும், வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும்.

பராமரிப்பில் காற்று மெஷின்தான் எங்கள் ஊரில் கூடுதல் வேலை கேட்கிறது. அதில் சங்கிலி இருக்கிறது. ஐம்பது மணி நேரத்துக்கு ஒருக்கால் எண்ணெய் போடு என்கிறது கையேடு. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் அது போதாது, முதல் வாடைக்காலத்தில் அசட்டையாக விட்டதில் சங்கிலி செம்மஞ்சளாகிவிட்டது. இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை துணியில் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். இருக்கை ஓடும் தண்டவாளத்தை ஒவ்வொரு நாளும் துடைக்கவேண்டும், வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து கறுப்பாய்ப் படியும். மொனிட்டருக்கு இரண்டு பெரிய பற்றரி போதும், சுவர்ப் பிளக் தேவையில்லை. 2022 மின்வெட்டுக் காலத்தை மறக்காதவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இருக்கையின் உயரத்தை யாரும் கேட்பதில்லை, ஆனால் பிரஷரைக் குறைக்கிற மருந்து போடுகிறவர்கள் கேட்கவேண்டும். என் பழைய காந்த மெஷினில் நிலத்தோடு நிலமாக இருந்து எழும்பவேண்டும், அதுதான் அன்று தலை சுற்றக் காரணத்தில் பாதி என்று நினைக்கிறேன். கொன்செப்ட் 2-இல் சாதாரண கால் 14 அங்குலம், உயரக் கால் வைத்ததில் 20 அங்குலம். நான் இப்போது வாங்குவதென்றால் 20-ஐத்தான் எடுப்பேன். இரத்தம் உறையாத மருந்து போட்டுக்கொண்டு விழுவது சின்ன விஷயமில்லை. அதே காரணத்துக்காகக் கையுறையும் போடுகிறேன், உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தால் இரத்தம் நிற்க நேரமாகும்.

மேல்மாடி வாடகை வீடு, சுவருக்குச் சுவர் அயல், கையில் பணமும் குறைவு என்றால் காந்த மெஷின் எடுங்கள், ஆனால் இழுக்கும் முழு நேரமும் சத்தமாகப் பேசிப் பாருங்கள், அதுதான் அங்கே உங்கள் வாட். பழைய காற்று மெஷின் கிடைத்தால் வாங்கும் முன் நெம்பை 10-இல் வைத்து, மொனிட்டரில் இழுவைக் காரணி, அதாவது காற்றின் தடையைச் சொல்கிற எண், காட்டும் திரையைத் திறந்து நாலைந்து தடவை இழுங்கள். சுத்தமான மெஷினில் எண் 200 பக்கம் வரும். மிகவும் குறைவாக இருந்தால் கூண்டுக்குள் தூசி அடைத்திருக்கிறது, திறந்து ஊதித் துடைத்தால் சரியாகிவிடும். சங்கிலியைக் கடைசி வரை வெளியே இழுத்து வைத்து ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். துருவேறி விறைத்த கண்ணி இருந்தால் புதுச் சங்கிலியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.