நிலநடுக்கத்துக்குப் பின்: பிளவின் வழுக்கலா, கவசத்தின் ஒழுக்கா?

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் தோஹோகு கடற்கரைக்கு அப்பால் 9.0 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஓஷிகா தீபகற்பம் ஏறத்தாழ 5 மீட்டர் கிழக்கே பெயர்ந்தது. அந்நகர்வு பின்னரும் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நீடித்தது. நடுக்கத்தில் வழுக்கிய பிளவுத்தளமே அதிர்வின்றித் தொடர்ந்து வழுக்குகிறது (பின்வழுக்கல்) என்பது ஒரு விளக்கம். திடீர்த் தகைவை (உள்ளழுத்தத்தை) ஏற்ற மேற்கவசம், அதாவது புவியோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு, திடப்பாறையேயானாலும், கெட்டிப்பாகுபோல் மெல்ல ஒழுகுகிறது என்பது மற்றொன்று.

நிலத்திலுள்ள ஜிபிஎஸ் நிலையங்களை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிவது கடினம், ஏனெனில் இரண்டுமே நிலத்தைக் கடலை நோக்கித்தான் நகர்த்துகின்றன. துப்புக் கொடுத்தவை, மேற்கே நகரும் பசிபிக் தட்டு ஜப்பானுக்கு அடியில் இறங்கும் ஆழ்கடல் அகழிக்கு அருகே கடற்படுகையில் பதிக்கப்பட்டிருந்த அளவுகருவிகளே: நடுக்கத்தின்போது கிழக்கே பாய்ந்த அப்படுகையின் சில இடங்கள், அதன்பின் பசிபிக் தட்டின் வேகத்தையும் விஞ்சி மேற்கே திரும்பின. பின்வழுக்கல் அவற்றைக் கிழக்கே தள்ளியிருக்குமே தவிர, மேற்கே இழுத்திராது. ஆகவே அகழியோரத்தில் கவசத்தின் ஒழுக்கே மேலோங்கியது என்பேன். பிளவின் ஆழமான பகுதிகளில் பின்வழுக்கலின் பங்கை மறுப்பதற்கில்லை.