முதல் தடவை கைட்சர்ஃபிங்: ராமேஸ்வரமா, கல்பிட்டியா?

கைட்சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் (கைட்) காத்துல இழுக்க, போர்டு மேல நின்னு தண்ணில சறுக்குற விளையாட்டு, அதைக் கத்துக்கணும்னு ஆசைப்படுற நம்மூர் ஆளுங்க சுத்திச் சுத்தி வந்து நிக்கிறது இந்த ரெண்டு எடத்துலதான், ஒண்ணு ராமேஸ்வரம், இன்னொண்ணு இலங்கையில புத்தளம் மாவட்டத்து கல்பிட்டி. ரெண்டுக்கும் சீசன் கிட்டத்தட்ட ஒண்ணுதான், மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு காத்து, அப்புறம் டிசம்பர் பாதிக்கு மேல மார்ச் வரைக்கும் வாடை. அதனால எங்க காத்து நல்லா அடிக்கும்னு கேக்குறதுல பெருசா பிரயோஜனம் இல்ல. கைட் நம்ம கட்டுப்பாட்டுல இல்லாம போச்சுன்னா காத்து நம்மள எங்க கொண்டுபோய் சேர்க்கும், அதைத்தான் மொதல்ல கேக்கணும்.

ராமேஸ்வரத்துல தனுஷ்கோடி ரோட்டுல போனீங்கன்னா தெக்க மன்னார் வளைகுடா, வடக்க பாக் நீரிணைப் பக்கத்துக் கடல், நடுவுல ஒல்லியா ஒரு மணல் திட்டு. கச்சான் (அந்தத் தென்மேற்கு காத்துதான்) அடிக்கிற மாசத்துல தெக்குக் கடல் அலையடிச்சுக் கெடக்கும், வடக்குப் பக்கம் தண்ணி தாம்பாளம் மாதிரி இருக்கும். புதுசா வர்றவங்க அந்தத் தண்ணியப் பாத்ததும் இதான் நமக்கு சரியான எடம்னு நெனச்சிடுறாங்க, ஆனா அங்க காத்து கரையில இருந்து கடலைப் பாத்துப் போகுது, கைட் தண்ணில விழுந்து திரும்ப எழுப்பத் தெரியலன்னா நீங்க கரைய விட்டு தள்ளித் தள்ளிப் போய்ட்டே இருப்பீங்க. வாடையில இதே கதை தெக்குப் பக்கம் நடக்கும். தட்டையான தண்ணின்னா பாதுகாப்பான தண்ணின்னு அர்த்தமே இல்லங்க. அதனால ராமேஸ்வரத்துல கத்துக்கறதா இருந்தா ரெஸ்க்யூ போட் தண்ணில தயாரா நிக்கிற ஸ்கூல்லதான் சேரணும், இதுல பேச்சுக்கே இடமில்ல.

கல்பிட்டிப் பக்கம் கப்பலடியில இருக்கிற லகூன் (கடலோர உப்புத்தண்ணி ஏரி) வேற மாதிரி. கடலுக்கும் அதுக்கும் நடுவுல மணல் திட்டு இருக்கு, தென்மேற்கு காத்து அந்தத் திட்டைத் தாண்டி உள்ள வருது, அலை வராது. பெரும்பாலும் கால் ஊணி நிக்கிற ஆழம்தான். எது தப்பாப் போனாலும் லகூனோட அந்தக் கரையில போய் ஒதுங்குவீங்க, எழுந்து நடந்து வந்து மறுபடி ஆரம்பிக்கலாம். கத்துக்குட்டிக்கு இதை விடப் பெரிய வரம் என்ன வேணும்?

ஆனா அங்க ரெண்டு தொல்லை உண்டு. ஜூலை, ஆகஸ்ட்ல கூட்டம் தாங்காது, ஒவ்வொரு கைட்டுக்கும் 20 மீட்டருக்கு மேல கயிறு, எடம் சின்னது, பக்கத்துல இருக்கிறவர் கயிறுல மாட்டிக்கறது சர்வ சாதாரணம். இன்னொண்ணு காத்தோட வேகம், அங்க 20 நாட்ஸ் தாண்டுற நாள் நிறைய (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்). 12 நாட்ஸ் 24 ஆனா இழுவை ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். கைட் சைஸை சின்னதாக்கித்தான் இதை சமாளிக்க முடியும், அதனால ஸ்கூல்ல எல்லா சைஸும் கையில வெச்சிருக்காங்களான்னு பாருங்க.

மூணாவதா ஒரு வழிய நிறைய பேர் யோசிக்கிறாங்க, செகண்ட் ஹேண்ட் கைட் வாங்கி, வீடியோ பாத்து, ஃப்ரெண்டு கூட பக்கத்து பீச்லயே கத்துக்கறது. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், தயவுசெஞ்சு நீங்க செய்யாதீங்க. கைட் எறங்கி வந்து நடுவுல காத்து முழுசா பிடிக்கிற எடத்துக்குள்ள பூந்துச்சு, பயத்துல நான் பாரை (கைட்டோட கயிறெல்லாம் சேர்ற கைப்பிடிக் கம்பி) இறுக்கி நெஞ்சுக்கு இழுத்தேன், இழுத்தா பவர் கூடும், விட்டாத்தான் கொறையும்னு தலைக்குத் தெரியும் ஆனா கைக்குத் தெரியல, மணல்ல முகம் தேய தேய போனேன். குயிக் ரிலீஸ் (ஆபத்துல கைட்டோட இழுவையை சட்டுனு அறுத்து விடுற பிடி) எங்க இருக்குன்னு அன்னைக்கு கண்ணை மூடிட்டு தொட்டுக் காட்டச் சொல்லியிருந்தா என்னால முடிஞ்சிருக்காது.

இந்த விஷயத்துல ராமேஸ்வரத்துக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்கு. அங்க தமிழ்ல சொல்லித் தர்ற ஆள் கிடைப்பாங்க. பதறிப் போய் நிக்கும்போது "பாரை விடுடா!"ன்னு காதுல விழுந்தா கை தானா விடும், இங்கிலீஷ்ல கேட்டு யோசிக்கிற அந்த ஒரு செகண்ட் பெரிய வித்தியாசம். கல்பிட்டி ஊர்லயும் தமிழ் பேசுற மக்கள் நிறைய, ஆனா உங்களுக்கு வர்ற மாஸ்டர் எந்த நாட்டுக்காரர்னு சொல்ல முடியாது, புக் பண்ணும்போதே கேட்டுக்கோங்க.

என்னைக் கேட்டா, பாஸ்போர்ட்டும் பணமும் இருந்தா மொத பத்து மணிநேரத்தை கூட்டம் கம்மியா இருக்கிற மாசம் பாத்து கல்பிட்டி லகூன்ல முடிங்க. அப்புறம் ராமேஸ்வரத்துல நல்லா ஓட்டிப் பழகுங்க, அங்க எடம் தாராளம். நேரா ராமேஸ்வரம்தான்னா அதுவும் நல்ல முடிவுதான், அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி போட் இருக்கா, ஹெல்மெட்டும் இம்பாக்ட் வெஸ்டும் (அடி படாம உடம்பைக் காக்குற மெத்தை வெச்ச ஜாக்கெட்) தருவாங்களா, ஒரு மாஸ்டருக்கு எத்தனை பேர்னு கேளுங்க. கயிறை பாருல சுத்திட்டு கைட்டைப் பிடிச்சுக்கிட்டே கரை சேர்ற செல்ஃப் ரெஸ்க்யூவ எந்த நாள் சொல்லித் தருவீங்கன்னும் கேளுங்க, போர்டு மேல ஏத்தி விட்டப்புறம்னு பதில் வந்தா வேற ஸ்கூல் பாத்துக்கோங்க.