அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு: பழைய கார் வாங்கினால் எது?

பழைய கார் ஆசை வந்துவிட்டால், நம் ஊரில் பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வந்து நிற்கும். வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவது வழக்கம். எஞ்சினை எப்படியும் திரும்பக் கட்டிவிடலாம். காரை முடித்துவைப்பது துருவும், கிடைக்காத உதிரிபாகமும்தான்.

உதிரிபாகம் என்று பார்த்தால் அம்பாசடருக்குப் போட்டியே இல்லை. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை வெளிவந்த வண்டி. சென்னை புதுப்பேட்டையில் இன்னும் பாகங்கள் தேடலாம். பழைய 1,489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் மெதுவானது, ஆனால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்தது. நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 1990களில் வந்த 1,817 சிசி இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் உள்ள வண்டியே மேல். இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். அதனால் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதி துருப்பிடித்தால் வண்டியே வளையும். ஜாக்கியில் ஒரு பக்கம் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால், விலை பேசாமல் திரும்பிவிடலாம். முன்சக்கரத் திருகுமரை இணைப்புகளுக்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டால், மரை தேய்ந்து ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும்.

ஊருக்குள் ஓட்ட பத்மினி நன்றாக இருக்கும். ஃபியட் 1100 வழி வந்து பம்பாய் குர்லாவில் தயாரான கார், 1,089 சிசி. பாரம் குறைவு, ஸ்டியரிங் லேசு. ஆனால் தகடு சீக்கிரம் அரிக்கும். தரைப்பாயைத் தூக்கிப் பாருங்கள், ஹெட்லைட் வளையத்தைச் சுற்றி விரலால் அழுத்துங்கள். புது பெயின்ட்டுக்குக் கீழே புட்டி இருந்தால் காந்தம் ஒட்டாது. ஸ்டியரிங் தண்டில் கைப்பிடி உள்ள ராடு கியர் இடையில் சிக்கினால் கியர்பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் இணைப்புகளில் உள்ள சிறு வளையமான புஷ் தேய்ந்திருக்கும். அம்பாசடரின் ராடு கியருக்கும் இதே கதைதான்.

ஹெரால்டு நம்ம சென்னைப் பிள்ளை. ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் இங்கே தயாரித்தது. உருவம் இத்தாலிய வடிவமைப்பாளர் மிகெலோட்டி வரைந்தது. பக்கத்துக்கு ஒரு கொக்கியை விடுவித்தால் பானெட்டும் முன் மட்கார்டும் ஒன்றாக முன்னால் சாயும். எஞ்சின், சஸ்பென்ஷன் எல்லாம் கண் முன்னே. தானே கை வைத்துப் பழக இதைவிட நல்ல கார் இல்லை. தனி சேஸிஸ் என்பதால் பாடியைக் கழற்றி வைத்துத் துருவை வெட்டி வெல்டிங் செய்யலாம். ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.

ஆபத்து ஒன்று உண்டு. முன்சக்கரத்தின் கீழ் டிரன்னியனில் (சக்கரம் திரும்ப உதவும் மரை இணைப்பு) கிரீஸ் போடக் கூடாது, இபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காது. உலர்ந்து இறுகியபின் தண்டு முறியும், சக்கரம் மடிந்துவிடும். 5,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் விடுவது நல்லது. பின் அச்சு ஊசலாடும் வகை என்பதால் வளைவில் திடீர் பிரேக் வேண்டாம். அந்தப் பயம் இருப்பவர்கள் அதே நிறுவனம் 1972இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரைத் தேடலாம். அதில் பின் அச்சு ஒரே கட்டை. டிரன்னியன் போன்றவை பிரிட்டனில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இந்தியாவில் மட்டும் செய்த நான்கு கதவு மாடலின் தகடுகளுக்குத்தான் அலைய வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவான தொல்லை இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயாஃபிரமும் இளகும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிட்டுப் பிறகு கார்பரேட்டர் ஜெட்டைக் (பெட்ரோல் பாயும் சிறு துளை) கொஞ்சம் பெரிதாக்குங்கள். வெயிலில் பம்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், பம்பில் ஈரத் துணி சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் போதும்.

காகிதத்தில் ஒரு எச்சரிக்கை. 50 வயது தாண்டிய காருக்கு 2021 விதிப்படி பழம்பெரும் (விண்டேஜ்) கார்களுக்கான 'விஏ' எண் வாங்கலாம், முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த எண்ணோடு தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல் இவற்றுக்கு மட்டும். ஓட்ட நினைப்பவர் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் ஆர்சியில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றி ஆர்சியில் ஏற்றாத வண்டி நிறைய உண்டு.