30 டாலர் ‘சி அண்ட் ஆர்’ உரிமம்: வாங்கலாமா?

வாங்கலாம். அமெரிக்காவில் பழைய ராணுவ ரைஃபிள்களை ஆண்டுக்கு இரண்டு மூன்றாவது வெளிமாநிலத்திலிருந்து எடுப்பவர் என்றால் தயங்கவே வேண்டாம். துப்பாக்கிகளை மேற்பார்க்கும் மத்திய அரசுத் துறையான ஏடிஎஃப், பழைய துப்பாக்கி சேகரிப்பாளர்களுக்குத் தரும் இந்த வகை 03 உரிமத்துக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்தே 30 டாலர்தான். ஆனால் உரிமம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் செய்யும் காரியங்கள்தான் சேகரிப்பாளர்களை வம்பில் மாட்டிவிடுகின்றன. அதனால் இந்த மதிப்புரையில் வசதியைவிட வம்பைப் பற்றியே அதிகம் இருக்கும்.

வாங்கும் வேலை எளிது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். படிவம் 7/7சிஆர் நிரப்பிப் பணத்தோடு அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை உள்ளூர் காவல்துறைத் தலைமை அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். அது அவருக்குத் தகவல் மட்டுமே, அவர் சம்மதம் தேவையில்லை. டீலர் உரிமம் போலக் கைரேகை அட்டை, புகைப்படம் எதுவும் இல்லை. சட்டப்படி 60 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

கிடைப்பது என்ன? ‘க்யூரியோ அண்ட் ரெலிக்’ (சுருக்கமாக ‘சி அண்ட் ஆர்’) என்ற வகைக்குள் வரும் துப்பாக்கியை எந்த மாநிலத்து விற்பனையாளரிடமிருந்தும் நேரே வீட்டுக்கு வரவழைக்கலாம். கையெழுத்திட்ட உரிமப் பிரதி போதும்; கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் படிவம் 4473 கிடையாது, ஒவ்வொரு தடவையும் பின்னணிச் சோதனை கிடையாது. மற்ற எல்லாத் துப்பாக்கிக்கும் நீங்கள் சாதாரண வாடிக்கையாளர்தான். புது கிளாக் கைத்துப்பாக்கி ஒன்றை இந்த உரிமத்தைக் காட்டி வெளிமாநிலத்திலிருந்து வரவழைத்தால் அது மாநிலம் தாண்டிய சட்டவிரோதக் கொள்முதல். வேண்டுமென்றே செய்தது என்று நிரூபணமானால் 5 ஆண்டு வரை சிறை.

எது இந்த வகை என்பதில்தான் முதல் குழப்பம். செய்து 50 ஆண்டு கடந்திருந்தால் தானாகச் சேர்ந்துவிடும். 1975இல் செய்தது 2025இல் சேர்ந்தது. நகல்கள் சேராது. 50 ஆண்டு ஆகாதவற்றிலும் சில, அபூர்வம் என்றோ சரித்திரத் தொடர்பு என்றோ ஏடிஎஃப் பட்டியலில் ஏறியிருக்கும். எல்லோரும் மறப்பது ஒன்று: துப்பாக்கி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். மரக்கட்டையை (ஸ்டாக்) வெட்டி, குழலைக் குறைத்து, வேட்டைக்கு மாற்றிய பழைய மவுசர் ரைஃபிளை ஏடிஎஃப் இந்த வகையில் சேர்ப்பதில்லை. எஸ்கேஎஸ் ரைஃபிளுக்குக் கட்டைவிரல் துளையுள்ள புதுக் கட்டையும் கழற்றும் மேகசினும் மாட்டினால் இன்னொரு விதியும் வந்து சேரும். இறக்குமதி உதிரிபாகங்கள் என்று 20 உருப்படி கொண்ட பட்டியல் இருக்கிறது. அதில் பத்துக்கு மேல் வெளிநாட்டுப் பாகங்கள் வைத்து அப்படியொரு ரைஃபிளைக் கோத்தால் அதுவே குற்றம்.

மறுபக்கம், 1898 அல்லது அதற்கு முன் செய்தது மத்தியச் சட்டத்தில் ‘ஆன்டிக்’. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் துப்பாக்கியாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஃபின்லாந்தின் எம்39 ரைஃபிள் நல்ல உதாரணம். குழலில் 1940களின் ஆண்டு இருக்கும், உடல்பாகம் ஜார் காலத்து ரஷ்யாவுடையதாக இருக்கலாம். திருகுகளைக் கழற்றி, உலோகப் பகுதியைக் கட்டையிலிருந்து தூக்கி, உடல்பாகத்தின் வால் பகுதியின் அடிப்புறம் பார்த்தால் ஆண்டு தெரியும். அங்கே 1898 அல்லது அதற்கு முந்தைய ஆண்டு இருந்தால் ஆன்டிக். மாநிலச் சட்டம் வேறு சொல்லலாம், அதைத் தனியாகப் பாருங்கள்.

அடுத்தது பதிவேடு. உரிமத்தின் உண்மையான விலை இதுதான். பக்கம் கழற்ற முடியாதபடி தைத்த நோட்டு போதும். வரவுப் பக்கம்: தேதி, யாரிடமிருந்து, அவர் முகவரி அல்லது உரிம எண், தயாரிப்பாளர், இறக்குமதியாளர், மாடல், வரிசை எண், வகை, குழல் அளவு. வாங்கியதற்கு அடுத்த வேலை நாள் முடிவதற்குள் எழுதிவிட வேண்டும். விற்றதை 7 நாளுக்குள். உரிமம் இல்லாதவருக்கு விற்றால் அவர் பிறந்த தேதியையும், எந்த அடையாள அட்டை பார்த்தீர்கள் என்பதையும் குறிக்க வேண்டும். பக்கத்துக் கடையில் 4473 எழுதி வாங்கிய பழைய ரைஃபிளும் இதில் ஏற வேண்டும். பலர் தவறவிடுவது இந்த வரியைத்தான். எழுத்துப் பிழையை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தி, முதலெழுத்தும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை பூசினால் மறைத்தது போலத் தெரியும். தெரிந்தே பொய் எழுதினால் சேகரிப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. மறதிக்கு யாரும் சிறைக்குப் போவதில்லை, உரிமம் போகலாம். திருட்டுப் போனது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃபுக்கும் உள்ளூர் போலீசுக்கும் சொல்ல வேண்டும்.

ஏடிஎஃப் 12 மாதத்தில் ஒரு முறை பதிவேட்டையும் சரக்கையும் சரிபார்க்கலாம். வீட்டுக்கு வர வேண்டாம், உங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இந்த ஒரு சலுகைக்காகவே உரிம விதிகளை எழுதியவர்களைப் பாராட்டலாம்.

விற்பனைக்கு வருவோம். சேகரிப்பைச் சீரமைக்க ஒன்றிரண்டு விற்பது தவறில்லை, அதுவும் உங்கள் மாநிலத்தவருக்கு அல்லது உரிமம் உள்ளவருக்கு. பெட்டி பெட்டியாக மொசின் ரைஃபிள் வாங்கி, சுத்தம் செய்து, வாராவாரம் கண்காட்சி மேசையில் வைத்தால் அது வியாபாரம். 2022இல் வந்த சட்டத் திருத்தம், ‘பெரும்பாலும் லாபம் ஈட்டுவதற்காக’ விற்பவர் டீலர் என்று வரையறையை விரித்துவிட்டது. டீலருக்கான வகை 01 உரிமத்துக்கு 200 டாலர். அது இல்லாமல் வியாபாரம் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்குவதும் வேண்டாம். ஆப்ராம்ஸ்கி வழக்கில் உறவினருக்காக வாங்கியவர், ‘வாங்குவது எனக்கே’ என்று படிவத்தில் குறித்திருந்தார். அந்த உறவினருக்கும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி இருந்தது. அப்படியும் 2014இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

இனி கனமான பகுதி: 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம். ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலும், ஷாட்கன் குழல் 18க்குக் குறைந்தாலும், மொத்த நீளம் 26க்குக் கீழே போனாலும் பதிவு வேண்டும். பதியாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை, துப்பாக்கியும் பறிமுதல். அளப்பது இப்படி: தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடுங்கள். ஒரு மரக்குச்சியைக் குழல் வாய் வழியாக, போல்ட் முகத்தில் முட்டும்வரை விடுங்கள். வாயின் விளிம்பில் கோடு போட்டு, வெளியே எடுத்து அளங்கள். வெளியிலிருந்து டேப் வைத்தால், தோட்டா உட்காரும் அறைப் பகுதி கணக்கில் வராது. முனையில் திருகியிருக்கும் உறுப்பு, பற்றவைத்து நிரந்தரமாக்கியிருந்தால்தான் சேரும். எஸ்டேட் ஏலத்தில் வரும், யாரோ ரம்பத்தால் அறுத்த பழைய இரட்டைக்குழலை வாங்கும் முன் இந்தக் குச்சி கையில் இருக்கட்டும். அதேபோல மவுசர் சி96 கைத்துப்பாக்கிக்கு அசல் மரத்தோள்கட்டை இருந்தால் ஏடிஎஃப் பட்டியல் விலக்கு தருகிறது. கையில் கிடைத்த வேறொரு கட்டையை மாட்டினால் அது பதியாத குறுங்குழல் ரைஃபிள்.

2026 ஜனவரி முதல் சைலன்சருக்கும் குறுங்குழல் துப்பாக்கிக்கும் வரி பூஜ்யம். பதிவு அப்படியே இருக்கிறது. வரி போனதால் படிவமும் போனது என்று நம்புவது 10 ஆண்டுச் சமாசாரம்.

இயந்திரத் துப்பாக்கி தனி ரகம். போரிலிருந்து தாத்தா கொண்டுவந்தது பரணில் கிடந்தாலும், 1968 நவம்பரில் தந்த பொது மன்னிப்பு மாதத்திலோ வேறெப்போதோ பதிவாகாமல் இருந்தால், இன்று தனிநபர் பதிய வழியே இல்லை. பதிவானது என்றால் வாரிசு படிவம் 5 வழியாக வரியில்லாமல் பெறலாம். ஆகவே முதலில் தேட வேண்டியது துப்பாக்கியை அல்ல, பழைய பதிவுத் தாளை. தாள் இல்லையென்றால் காரில் ஏற்றிக்கொண்டு எங்கும் போகாமல் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் தந்த ஸ்டேபிள்ஸ் தீர்ப்பு, அந்தத் துப்பாக்கியின் தன்மை உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது. சேகரிப்பாளருக்கு அது சொற்ப ஆறுதல். அலமாரி நிறையக் கையேடு வைத்திருப்பவர் தெரியாது என்றால் ஜூரி நம்பாது.

ஓராண்டுக்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றத்தில் தீர்ப்பானால், நீதிபதி சிறைக்கு அனுப்பாவிட்டாலும், மொத்தச் சேகரிப்பும் கைவிட்டுப் போகும். அதற்குப் பிறகு ஒரு .22 துப்பாக்கி வைத்திருந்தாலும் 15 ஆண்டு வரை சிறை.

அமெரிக்கத் தமிழர்களுக்குத் தனியாக ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல், துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியக் குற்றம். கிரீன் கார்டு உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் குடியுரிமை வாங்காதவர் துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால் நாடு கடத்த அதுவே காரணமாகும், கிரீன் கார்டு இருந்தாலும். விசாவில் இருக்கும் நண்பர் வீட்டில், ஊருக்குப் போய்வரும்வரை இருக்கட்டும் என்று உங்கள் ரைஃபிளை வைத்துவிட்டுப் போனால் அவரும் மாட்டுவார், தெரிந்தே கொடுத்த நீங்களும் மாட்டுவீர்கள்.

வீடு மாறினால் 30 நாளுக்கு முன்பே திருத்தப்பட்ட உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். பழைய முகவரி உரிமத்தைக் காட்டிப் புது வீட்டுக்கு ரைஃபிள் வரவழைக்க முடியாது.