தொட்டியில் குறையில்லை, மூடியில்தான்

போன வாரம் எங்கள் வீட்டுக்குக் கசடு உறிஞ்சும் லோரி வந்து போனதைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) பழைய வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டப்போகும் தம்பி கேட்டார்: "அக்கா, செப்டிக் தொட்டி வைத்த வீட்டை வாங்கலாமா? தொந்தரவு அதிகமா?" வாசலில் நின்றபடி பதில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பழைய வரிசை வீடு. சமையலறைக்குப் பின்னால் செங்கல்லில் கட்டிய இரண்டு அறைத் தொட்டி. முதலில் அதன் அருமையைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் கேட்காது, மோட்டார் கேட்காது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது, எண்ணெயும் நுரையும் மேலே ஏடாக மிதக்கின்றன, நடுவில் உள்ள நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து வெளியேறுகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைத் தின்று குறைக்கின்றன. கழிவுநீர் குறைந்தது ஒரு நாளாவது உள்ளே அசையாமல் தங்கினால் போதும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்து, இருட்டில் விளக்கெடுத்துக்கொண்டு பொதுக் கழிவறைக்கு நடந்த எங்கள் அம்மாவுக்கு, வீட்டுக்குள்ளேயே கழிவறை என்பது இந்தத் தொட்டியால் கிடைத்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

என் கோபமெல்லாம் மூடியின் மேல்தான். இரண்டு அறைக்கும் ஆளுக்கொரு சிமெண்டு மூடி. முதல் மூடியின் தூக்கு வளையங்கள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. இரண்டாவது மூடி கண்ணிலேயே படவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர் சமையலறையை நீட்டியபோது, வேலை செய்த குத்தகையாளர் அதன் மேலேயே சிமெண்டு பூசி ஓடு பதித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மனிதர் எப்படி இதைச் செய்யத் துணிந்தார் என்று இன்றும் எனக்கு ஆறவில்லை. கசடு அள்ள வந்தவர்கள் திறந்த வாயில் குழாயை விட்டார்கள், உறிஞ்சினார்கள், போனார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. இரண்டாவது அறையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்க்கவே முடியவில்லை.

அங்கேதான் கோளாறு இருந்தது. கசடு அள்ளிய பிறகும் பின்சந்துச் சாக்கடையில் நாற்றம் நிற்கவில்லை. நீரோடு கறுப்பாகத் துணுக்குகள் வந்தன. கடைசியில் ஓடுகளை அறுத்தெடுத்து, உளி வைத்துத் தட்டி மூடியைப் பெயர்த்தோம். கரப்பான்கள் குபுகுபுவென்று விளிம்பில் ஏறி வந்தன. உள்ளே விரல் கனத்துக்குக் காய்ந்துபோன ஏடு. வெளியேறும் வாயில் இருக்க வேண்டிய 'டி' வடிவப் பிளாஸ்டிக் குழாய் கழன்று விழுந்திருந்தது. அதன் ஒரு கால் நீருக்குள் இறங்கி நின்றால்தான் ஏட்டுக்குக் கீழே இருக்கும் நீர் மட்டும் வெளியே போகும். அது இல்லாததால் ஏடும் சேர்ந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சாக்கடை நாலு வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மலிவான ஒரு குழாய்த் துண்டு, அதைப் பார்க்க முடியாமல் செய்த ஒரு மூடி.

வேலை முடிந்ததும் கொத்தனார், "நாற்றம் வராமல் சிமெண்டு வைத்து அடைத்துவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். ரப்பர் விளிம்பு வைத்து, பிள்ளைகள் தூக்க முடியாதபடி திருகாணி போட்டு முடுக்கும் மூடியாக இரண்டையும் மாற்றினோம். காற்றுக்குழாய் உச்சியில் கொசுவலையும் கட்டினோம்.

மூடியைத் திறக்கலாம் என்று சொல்கிறேனே தவிர, தலையை உள்ளே விடலாம் என்று சொல்லவில்லை. யாரும், கூலிக்கு வந்தவர் உட்பட, தொட்டிக்குள் இறங்கக் கூடாது. உள்ளே உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவின் செறிவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். தீப்பற்றும் மீத்தேன் வாயுவும் இருப்பதால் பக்கத்தில் சிகரெட் கூடாது. எட்ட நின்று, நீளக் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி எடுங்கள். கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதுதான் கசடின் கனம். கசடும் ஏடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டுகின்றன என்றால் லோரியை அழையுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அள்ளச் சொல்லி நாட்டின் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் அறிவுறுத்துவது ஒழுங்கான கணக்குத்தான்.

அள்ளிய சில நாளிலேயே "மறுபடியும் நிறைந்துவிட்டது" என்று பலர் பதறுகிறார்கள். நல்ல தொட்டியில் நீர் எப்போதும் வெளியேறும் வாய் மட்டத்தில்தான் நிற்கும். அக்டோபர், நவம்பர் மழையில் சாக்கடை பொங்கி நீர் வடியாமல் நின்றால் ஃபிளஷ் மந்தமாவதும் இயல்பு. வெள்ளம் நிற்கும்போது அவசரப்பட்டு உறிஞ்சச் சொல்லாதீர்கள். வெறுமையான பிளாஸ்டிக் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும்.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் நுண்ணுயிர்ப் புட்டியும் ஈஸ்ட்டும் வீண் செலவு, தேவையான நுண்ணுயிர் நம் கழிவிலேயே இருக்கிறது. குளோரின் திரவத்தைப் புட்டி புட்டியாகக் கொட்டாதீர்கள். ஈரத் துடைப்புத் தாள், அணையாடை, பொரித்த எண்ணெய் மூன்றும் குப்பைக்கு. ஒழுகும் ஃபிளஷ் தொட்டியை உடனே சரி செய்யுங்கள். இரவு பகலாக நீர் ஓடினால் படிய வேண்டியது படியாது.

இவ்வளவு பாராட்டிய பிறகும், தம்பி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் இணைப்புள்ள வீடு அதே விலைக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அந்தத் தரை ஓடுகளை அறுத்த நாளின் எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கிடைக்காவிட்டால், விற்பவரிடம் இரண்டு மூடியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மூடியை மட்டும் காட்டினால் முன்பணத்தைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.