காலி ஃபிளாட்டுக்கு டிடிலாக் நம்பர் பூட்டு: எங்கே உதவும், எங்கே காலை வாரும்

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, மேனேஜர் வைக்காமல் சென்னை ஃபிளாட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு வாடகை வசூல் ஒரு பிரச்சினையே இல்லை. அது கணக்கில் வந்து விழுந்துவிடும். சாவிதான் தலைவலி. ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது வருவதற்குள் பெயிண்டர், பிளம்பர், வீடு பார்க்க வருகிறவர்கள் என்று பல கை மாறும். டிடிலாக் செயலியில் இயங்கும் நம்பர் பூட்டுகள் (வெளியே பிராண்ட் பெயர் பல, உள்ளே செயலி ஒன்று) இந்த இடைவெளிக்கென்றே செய்தது போல இருக்கின்றன.

பூட்டுக்கு இன்டர்நெட் இல்லாவிட்டாலும் எங்கிருந்தும் புது எண் உருவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பூட்டு தன் உள்கடிகாரத்தை வைத்தே எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளும். வீடு பார்க்க வருபவருக்கு ஒருமுறை எண்: 6 மணி நேரத்துக்குள் ஒரே தடவை திறக்கும். பெயிண்டருக்குத் தேதி வரம்புள்ள எண். ஆனால் தொடக்க நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது அதை அழுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். திங்கள் என்று சொல்லிவிட்டுப் புதன் வரும் ஆளுக்கு வேறு எண்தான்.

கொடுத்த எண்ணை நடுவில் ரத்து செய்வது வேறு கதை. ஒருவர் பூட்டருகே நின்று புளூடூத்தில் செய்ய வேண்டும், அல்லது வீட்டுக்குள் கேட்வே (பூட்டை வைஃபை வழியே இன்டர்நெட்டில் இணைக்கும் சிறு கருவி) இருக்க வேண்டும். கேட்வேக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தேவை. குடியிருந்தவர் போகும்போது பிராட்பேண்டும் போய்விடும் என்பதால் சிம் போடும் ரவுட்டர் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. அதையும் கவிழ்ப்பவர், வேலை முடிந்ததும் பொறுப்பாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பெயிண்டர். சுவிட்ச் மேலேயே ‘அணைக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். காலி வீடுதானே என்று ஈபி பில்லை விட்டாலும் இதே கதிதான்.

பேட்டரி 4 டபுள் ஏ, அல்கலைன் மட்டும். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட் என்பதால் மீதி சார்ஜைச் செயலி தவறாகக் காட்டும். முழுக்கத் தீர்ந்தால் கடிகாரமும் பிசகி, நேர வரம்புள்ள எண்கள் வேலை செய்யாமல் போகலாம். புது பேட்டரி போட்டபின் செயலியில் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு குடித்தனம் மாறும்போதும், மீதி எவ்வளவு என்று பார்க்காமல் நான்கையும் மாற்றிவிடுங்கள். கூட வரும் இரும்புச் சாவியை உறையிலிட்டு ஒட்டி, நம்பகமான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். வாட்ச்மேன் வேண்டாம், அவர் அடிக்கடி மாறுவார்.

வாங்குமுன் கதவின் கனத்தை அளந்து, பூட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். ஐப்பசி மழையில் மரக்கதவு உப்பினால் பூட்டின் நாக்கு நிலையின் துளையில் சரியாக உட்காராது. மோட்டார் திணறி பேட்டரியைத் தின்னும். பொருத்தும்போதே தச்சரிடம் விளிம்பை இழைத்து 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். வெளியே இரும்பு கிரில் கேட்டில் திண்டுக்கல் பூட்டு தொங்கினால் இத்தனை செலவும் வீண். அதை முதலில் கழற்றுங்கள்.

புதியவர் குடிவந்ததும் பழைய எண்கள் அனைத்தையும் அழித்து, நிர்வாக உரிமையையும் அவருக்கே மாற்றிவிடுவது முறை. உரிமை உங்களிடம் இருந்தால் அவர் வீட்டைத் திறந்த நேரமெல்லாம் உங்கள் கைபேசியில் பதிவாகும். எந்தக் குடும்பமும் அதைச் சகிக்காது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, பார்வையிட வருவதற்கே 24 மணி நேரம் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும். காலி செய்யும் நாளில் உரிமையைத் திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.