கார்னிவலா, டிப்ரெஷனா: பழைய அமெரிக்கக் கண்ணாடியில் எதை வைத்துக்கொள்வது?

ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸிலிருந்து லங்காஸ்டர் போகும் வழியில் இருக்கும் ஆன்டிக் கடைகளில்தான் எனக்குப் பழைய கண்ணாடிப் பாத்திரம் சேர்க்கும் பழக்கம் தொற்றியது. ஏழு வருடங்களில் இரண்டு வகையும் வீடு நிறையச் சேர்ந்துவிட்டன. ஒன்று மயில்கழுத்தாய் மின்னும் கார்னிவல் கண்ணாடி. மற்றது இளம்பச்சையும் ரோஜா நிறமுமான டிப்ரெஷன் கண்ணாடி. போன வருடம் சின்ன வீட்டுக்கு மாறினோம். இரண்டுக்கும் இடமில்லை. கார்னிவலில் மூன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை விற்றேன். டிப்ரெஷன் மொத்தமும் என்னோடு வந்தது. ‘அழகாக இருந்ததையா விற்றாய்?’ என்று கேட்காதவர் இல்லை.

அழகு என்று பார்த்தால் கார்னிவல்தான். அதில் விவாதமே கிடையாது. மேற்கு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்டவுனில் ஃபென்டன் கம்பெனி 1907-ல் இதைக் கொண்டுவந்தது. வீலிங் நகரில் நார்த்வுட், ஒஹாயோவின் பெல்லேரில் இம்பீரியல் என்று மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். அச்சில் அழுத்திய கண்ணாடி சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். அது மெல்லிய படலமாகப் படிந்து, ஒளி பட்டதும் நீலம், பச்சை, செம்பு என்று மாறி மாறிக் காட்டும். டிஃபனி என்ற அமெரிக்கக் கலைஞரின் விலையுயர்ந்த மின்னும் கண்ணாடியை வாங்க முடியாத வீடுகளுக்கு வந்த அழகு இது. கார்னிவல் என்ற பெயர் பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரிப்பவர்கள் வைத்தது. அதிகம் கிடைக்கும் நிறம் மேரிகோல்ட், நம் துலுக்கச் சாமந்தி நிறம். சிவப்பு அபூர்வம்.

டிப்ரெஷன் கண்ணாடி வேறு குடும்பம். ஏறக்குறைய 1929 முதல் 1940 வரை, டிப்ரெஷன் எனப்படும் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவே வேலையிழந்து நின்ற காலத்தில், இயந்திரம் அழுத்தித் தள்ளிய சாமான் இது. லங்காஸ்டரின் ஹாக்கிங் கம்பெனி நிமிடத்துக்கு 90 உருப்படி என்ற வேகத்துக்குப் போய், ஐந்து சென்ட்டுக்கு இரண்டு டம்ளர் விற்றது. ஓட்ஸ் டப்பாவுக்குள் ஒரு கிண்ணம் இருக்கும். சினிமா டிக்கெட்டோடு ஒரு தட்டு கொடுப்பார்கள். வாரம் ஒன்றாகச் சேர்த்துச் சேர்த்து ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேஜை நிறைந்தது. உற்றுப் பார்த்தால் குமிழியும் அச்சுக் கோடும் தெரியும். அதை மறைக்கத்தான் தட்டு முழுக்கப் பூவும் வலைப்பின்னலும். என்னிடம் இருப்பதில் பாதி ஹாக்கிங்கின் கேமியோ டிசைன், 1930 முதல் 1934 வரை வந்தது. துணியை வீசி ஆடும் ஒரு சிறு பெண் அதன் ஓரத்தில் இருக்கிறாள்.

இனி நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். அது கழுவுவது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆறு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் தங்கியிருந்த உறவுக்காரப் பையன் நல்லெண்ணத்தோடு என் பச்சை டம்ளர்களில் தண்ணீர் குடித்து, தினமும் டிஷ்வாஷரில் போட்டிருக்கிறான். பழம் வைக்கிற மேரிகோல்ட் கிண்ணமும் கூடவே உள்ளே போயிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் டம்ளர்கள் பால் ஊற்றிக் கழுவாமல் விட்டதுபோல் உள்ளே வெளுத்திருந்தன. கிண்ணத்தின் மினுமினுப்பு விளிம்பிலிருந்து பாதி வரை போய், வெறும் கண்ணாடி தெரிந்தது.

முதலில் உப்புப் படிவு என்று நினைத்து வினிகரில் ஊறவைத்தேன். கடினநீர் படிந்த வெள்ளையாக இருந்தால் வினிகருக்குப் போய்விடும். இது போகவில்லை. மணல், சோடா, சுண்ணாம்பு சேர்ந்து உருகியதுதான் இந்தக் கண்ணாடி. கொதிநீரும் காரமான சோப்புத்தூளும் மேற்பரப்பிலிருந்து சோடியத்தை இழுத்துவிட்டு, பிறகு கண்ணாடியையே நுணுக்கமாக அரிக்கின்றன. அந்தக் குழிகளில் ஒளி சிதறுவதுதான் மங்கலாகத் தெரிகிறது. அது அழுக்கு அல்ல, காயம். தேய்த்தால் போகாது. சேகரிப்பவர்கள் இதை நோயுற்ற கண்ணாடி என்பார்கள்.

இரண்டுக்கும் சேதம்தான். ஆனால் சேதத்தின் அளவு வேறு. கார்னிவலின் உயிரே அந்தப் படலத்தில் இருக்கிறது. அது போனால் மிச்சம் சாதாரண அச்சுக் கிண்ணம். அமோனியா, பிளீச்சிங், சொரசொரப்பான நார், எலுமிச்சைப் புளிப்பு எதையும் அதன் பக்கம் கொண்டுபோக எனக்கு மனம் வராது. வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவுதான். பார்ப்பதற்கு வைக்கலாம், புழங்க முடியாது. மாற்று தேடுவதும் பெரும்பாடு. அச்சிலிருந்து எடுத்த பிறகு விளிம்பைக் கையால் மடித்திருப்பார்கள். அதனால் ஒரே அச்சில் வந்த இரண்டு கிண்ணம்கூட ஒன்றுபோல் இருக்காது.

டிப்ரெஷன் தட்டின் நிறமும் சித்திரமும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கின்றன. கையால் கழுவினால் தலைமுறை தாண்டும். மங்கல் பிடித்தாலும் டம்ளர், பூச்சாடி போன்ற ஆழமான சாமான்களில்தான் கண்ணை உறுத்தும். கெட்டுப்போன டம்ளர்களுக்குப் பதிலாக அதே அச்சு, அதே பச்சை நான்கு மாதத்தில் கிடைத்தது. இயந்திரம் அத்தனை செய்து தள்ளியிருக்கிறது. ஒரு வகையில் இதுதான் அதன் பெரிய பலம்: ஒன்று போனால் வரிசை சாவதில்லை.

இன்னொன்று, நம் வீடுகளுக்கு மட்டும் பொருந்துவது. பழைய டிப்ரெஷன் தட்டுகளின் விலையைக் குறைப்பது நடுவில் இருக்கும் கத்திக் கீறல்கள். கையால் சாப்பிடுகிற வீட்டில் அந்தக் கீறல் புதிதாக விழாது. ஆனால் கொதிக்கும் ரசம் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். மைக்ரோவேவும் ஆகாது. நான் வைப்பது இட்லி, பழம், முறுக்கு. ஊறுகாய் வைப்பதில்லை. என் பச்சைத் தட்டுகள் புறஊதா விளக்கில் ஒளிர்கின்றன, அதாவது யுரேனியம் கலந்தவை. இத்தகைய கண்ணாடியில் அது பொதுவாக எடையில் 2 சதவீதத்துக்குள்தான். கையாளுவதில் எனக்குப் பயமில்லை. புளிப்பை மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

வாங்கும்போது டம்ளரைக் காய்ந்த நிலையில் பாருங்கள். ஈரமோ எண்ணெய்ப் பூச்சோ அந்தக் குழிகளை நிரப்பி மங்கலை மறைத்துவிடும். கடையில் ஒரு தடவை பளபளவென்று இருந்த ஜாடியை வாங்கி வந்து, வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவியதும் வெளுத்தது. அதிலிருந்து உள்ளே ஒரு காகிதத் துணியால் துடைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை.

போலி விஷயத்தில் டிப்ரெஷன்தான் அதிகம் ஏமாற்றும், இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபெடரல் கம்பெனி தன் மாட்ரிட் டிசைனை 1976-ல் சுதந்திர இருநூறாவது ஆண்டுக்காக மீண்டும் போட்டது. அப்போது வருடத்தைக் கண்ணாடியிலேயே பதித்தார்கள். பின்னால் இண்டியானா கம்பெனிக்கு அச்சு கைமாறியபோது அந்தக் குறி எடுக்கப்பட்டது. செர்ரி பிளாசம் என்ற டிசைனிலும் போலிகள் ஏராளம். ஒளிர்ந்தால் பழசு என்றும் நம்பாதீர்கள். யுரேனியம் கண்ணாடி இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. கார்னிவலில் சில அடையாளங்கள் கைகொடுக்கும். முட்டை வடிவக் கோட்டுக்குள் ஃபென்டன் பெயர் இருந்தால் அது 1970-லோ அதற்குப் பிறகோ செய்தது. ‘ஐ’யும் ‘ஜி’யும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் இம்பீரியல் பிற்காலத்தில் செய்தது.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருக்கிறது: ஹெய்சி, கேம்பிரிட்ஜ், ஃபாஸ்டோரியா என்ற கம்பெனிகளின் கண்ணாடி. அதே காலத்தில் பெரிய கடைகளில் விற்ற, கையால் மெருகேற்றிய உயர்ந்த சரக்கு. என்னிடம் வைரக் கட்டத்துக்குள் ‘எச்’ பொறித்த ஹெய்சி கிரீம் ஜாடி ஒன்றுதான் உண்டு. அதன் தெளிவு டிப்ரெஷனுக்கு இல்லை. ஆனால் ஒரு ஜாடியை வைத்து அதன் பராமரிப்பைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. விற்பனையும் அப்படித்தான். நான் ஒரே தடவைதான் விற்றிருக்கிறேன். மேரிகோல்ட் கிண்ணங்கள் வாங்கிய விலைக்குக் கொஞ்சம் கீழேயும், அடர்நீலம் இரண்டு மட்டும் மேலேயும் போயின.

வைத்துக்கொண்ட மூன்று கார்னிவலில் ஒன்று அந்தப் பாதி வெளுத்த கிண்ணம். அது ஜன்னலோரம் இருக்கிறது, வெயில் சாயும்போது மிச்சமிருக்கும் பாதி இன்னும் மின்னுகிறது. சாப்பாட்டு மேஜைக்கு வருவது பச்சைத் தட்டுகள்.